பசியாறப் போனாரா, வேலைக்குப் போனாரா: ஒரு மோட்டார் விபத்தும் உதவித்தொகையும்

அடிபட்டவருக்கு அப்போது வயது 38. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர். தோட்டத்தின் நேரடி ஆள் இல்லை, ஒரு காண்ட்ராக்டரின் கும்பலில் ஒருவர். டன் கணக்கில் கூலி, மாத முடிவில் கையில் ரொக்கம், சம்பளச் சீட்டு கிடையாது. தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வந்து டவுனை ஒட்டிய தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வாடகைக்கு இருந்தார்கள். மனைவி பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் உதவியாள், பிள்ளைகள் இரண்டு பேர்.

2023இல் ஒரு நாள் காலை 6.20 வாக்கில், சந்திலிருந்து பெரிய சாலைக்குள் நுழைந்த ஒரு கார் அவருடைய மோட்டார் சைக்கிளை வலது பக்கம் இடித்தது. கால் எலும்பு நொறுங்கி, காயத்தில் கிருமி ஏறி, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள், அதில் பாதிக்கும் மேல் மோட்டார் ஓட்டிகளும் பின்னால் உட்கார்ந்து போகிறவர்களும்தான். இறந்தவர்களைப் பற்றிப் பத்திரிகையில் வரும். கால் போய்ப் பிழைத்தவர்கள் அடுத்த மாத வாடகைக்கு என்ன செய்தார்கள் என்பது வராது. அதனால்தான் இதை முழுதாக எழுதுகிறேன். குடும்பத்தின் சம்மதம் உண்டு, அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுகிறவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். விண்ணப்பப் பாரம் நிரப்பித் தரச் சொல்லி ஆள்கள் வருவார்கள். இந்தக் குடும்பமும் அப்படித்தான் வந்தது, விபத்து நடந்து மூன்றாவது வாரத்தில். அதற்குள் எழுதக் கூடாத ஒன்றை எழுதிவிட்டிருந்தார்கள்.

போலீஸ் ரிப்போர்ட்டில் இருந்த ஒரு வரி

சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987இன்படி விபத்து நடந்து 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். இவர் அறுவைச் சிகிச்சையில் இருந்ததால் தம்பி போயிருக்கிறார். ஸ்டேஷனுக்குப் போகும் முன்பே காண்ட்ராக்டர் அவரைப் பிடித்துவிட்டார். “வேலைக்குப் போறப்பன்னு எழுதாத தம்பி. ரோட் டேக்ஸ் வேற செத்துப் போயிருக்கு. தோட்டத்துக்கும் பிரச்சன, உங்களுக்கும் பிரச்சன. ஆஸ்பத்திரி செலவ நான் பார்த்துக்கிறேன்.” தம்பி பயந்துவிட்டார். அண்ணன் பசியாற, அதாவது காலைச் சாப்பாடு, வாங்குவதற்காக வீட்டிலிருந்து கிளம்பினார் என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டார்.

முழுப் பொய்யும் இல்லை. வழியில் ஒரு கடையில் நிறுத்தி நாசி லெமாக் சோறு கட்டிக்கொண்டுதான் போயிருக்கிறார். ஆனால் அந்த ஒரு வரியை வைத்துப் பார்த்தால் சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் கதவு மூடிவிடும்.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த விபத்து நடந்தபோது 1969ஆம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டு திட்டங்கள் இருந்தன. ஒன்று வேலையிடப் பேரிடர் திட்டம். வீட்டிலிருந்து வேலையிடத்துக்குப் போகும் வழியிலும், அங்கிருந்து திரும்பும் வழியிலும், அனுமதிக்கப்பட்ட இடைவேளையில் சாப்பிடப் போய் வரும் வழியிலும் நடக்கும் விபத்து இதில் அடங்கும். யார்மீது தப்பு என்று கேட்க மாட்டார்கள். இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் பாதுகாப்பு உண்டு. இன்னொன்று செயலிழப்புத் திட்டம். வேலைக்குத் தொடர்பில்லாத நோய்க்கும் விபத்துக்கும் அப்போது அதுதான். ஆனால் அதற்குச் சந்தா வேண்டும். முழுத் தகுதிக்கு, தொடர்ந்த 40 மாதங்களில் 24 மாதங்களாவது கட்டியிருக்க வேண்டும். போதாததற்கு, சராசரி ஊழியர் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாத நிலை என்று மருத்துவ வாரியம் சொல்ல வேண்டும்.

காண்ட்ராக்டர் இவருக்காக ஒரு காசு சந்தா கட்டியதில்லை. ஆக, வேலைக்குப் போனார் என்று நிரூபித்தால் ஆயுள் முழுக்க மாதப் பணம். பசியாறப் போனார் என்று முடிந்தால் எதுவுமே இல்லை.

சட்டத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. வேலைக்குப் போகும் பயணமாகவே இருந்தாலும், இடையில் நிறுத்தியபோதோ வழியை விட்டு விலகியபோதோ விபத்து நடந்தால் அது கணக்கில் வராது. கடையில் நிறுத்தினாரே, அது இடைநிறுத்தம் இல்லையா என்று அதிகாரி கேட்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் போலீசின் வரைபடத்திலேயே இருந்தது. நகல் வாங்கி மேசையில் விரித்துப் பார்த்தோம். வீடு, கடை, விபத்து நடந்த சந்து, தோட்டத்து வாசல் எல்லாம் ஒரே சாலையில், அதே வரிசையில். இடி விழுந்தது கடையைத் தாண்டி, தோட்டத்தை நோக்கிப் போகும் பக்கத்தில். பசியாற மட்டும் வந்தவர் என்றால் கடையிலிருந்து வீட்டுப் பக்கம் அல்லவா திரும்பியிருக்க வேண்டும்? நிறுத்தியது உண்மை, ஆனால் மறுபடி கிளம்பி, வழக்கமான வழியில் போய்க்கொண்டிருந்தபோதுதான் அடிபட்டார்.

போலீஸ் எடுத்த படங்கள் இன்னும் உதவின. கீழே கிடந்த மோட்டாரின் சீட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது குலை வெட்டும் அரிவாள். கூர் படாமல் இருக்கப் பழைய ரப்பர் குழாயை நீளவாக்கில் பிளந்து அதில் செருகி, சைக்கிள் டியூப்பால் சுற்றியிருந்தார். தூரத்தில் ஒரு ரப்பர் பூட்ஸ் கிடந்தது. அரிவாளைக் கட்டிக்கொண்டு யாரும் நாசி லெமாக் மட்டும் வாங்க வருவதில்லை. 6.30க்கு ஆள்கள் கூடுவார்கள் என்று கும்பலில் இருந்த இரண்டு பேர் எழுதிக் கொடுத்தார்கள். கடைக்கார அக்காவும், “டெய்லி இந்த நேரத்துக்குத்தான் வரும், கட்டிக்கிட்டு தோட்டத்துப் பக்கம்தான் போவும்” என்று சொன்னார். அடிபட்டவருக்கு நினைவு தெளிந்து பேச முடிந்ததும், அவரே நடந்ததை நடந்தபடி கூடுதல் ரிப்போர்ட்டாகக் கொடுத்தார். முதல் ரிப்போர்ட்டை அழிக்க முடியாது, அழிக்கவும் முயலக் கூடாது. இரண்டும் கோப்பில் இருக்கும். எது பொருந்துகிறது என்று அதிகாரி பார்ப்பார்.

ரோட் டேக்ஸ் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எஸ்டேட் குடும்பங்களை ஊமையாக்குவது பெரும்பாலும் இதுதான். ரோட் டேக்ஸ் முடிந்து ஓட்டினால் சம்மன் வரும், சரி. அதற்காக சொக்சோ உரிமை போய்விடாது. எதிர்க் காரின் இன்சூரன்ஸ் மீது வழக்குப் போடும் உரிமையும் போய்விடாது.

யார் முதலாளி

அடுத்த முட்டுக்கட்டை காண்ட்ராக்டர். “அவரு என் தொழிலாளியே இல்ல, சப் காண்ட்ராக்ட்” என்றார். ஒரு உறையில் 2,000 ரிங்கிட்டும், டைப் செய்த ஒரு தாளும் வீட்டுக்கு வந்தன. இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று தாளில் இருந்தது. மனைவி அதை எடுத்துக்கொண்டு வந்து கேட்டார்: “ஐயா, வீட்டு வாடகை ரெண்டு மாசம் நிக்குது. போட்டுடலாமா?” கேட்கும்போது தாளை என்னிடம் நீட்டிவிட்டு, உறையைக் கையிலேயே வைத்திருந்தார். அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் அரிசி இல்லாதபோது சட்டம் பேசுவது எளிதில்லை. வாடகைக்குக் கோயில் ஆள்கள் கொஞ்சம் திரட்டினார்கள், உறை திரும்பிப் போனது.

டன் கணக்கில் கூலி வாங்கினால் தொழிலாளி இல்லை என்பது இந்தப் பக்கத்தில் பரவலான நம்பிக்கை. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. எந்தப் பகுதியில் வெட்டுவது என்று யார் சொல்கிறார்கள், எத்தனை மணிக்கு வரச் சொல்வது யார், டிராக்டர் யாருடையது, வேண்டாம் என்று நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்றுதான் பார்க்கும். இங்கே நான்குக்கும் ஒரே பதில்தான். உண்மையாகவே சுயதொழில் செய்கிறவர்களுக்கு 2017ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 157.20 ரிங்கிட்டிலிருந்து சந்தா தொடங்குகிறது. காண்ட்ராக்டர் சொன்னதை அப்படியே நம்பினாலும், அப்படி ஒரு பதிவைக்கூட அவர் யாருக்கும் செய்து வைக்கவில்லை.

அதோடு, சட்டத்தில் ‘முதன்மை முதலாளி’ என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. இடையில் ஒரு காண்ட்ராக்டர் இருந்தாலும், அவர் மூலம் வேலைக்கு எடுத்தவர்களின் சந்தாவுக்கு முதன்மை முதலாளியும், இங்கே தோட்டமும், பொறுப்பு. தோட்டத்து வாசலில் வெளி ஆள்கள் கையெழுத்துப் போடும் புத்தகம் இருக்கும். இவர் பெயர் அதில் மாதக்கணக்கில், காலை நேரத்தோடு இருந்தது. அதிகாரி அந்தப் புத்தகத்தைக் கேட்டதும் தோட்டத்து ஆபீசிலிருந்து காண்ட்ராக்டருக்கு போன் போயிருக்கிறது. என்ன பேசினார்கள் என்று தெரியாது, ஆனால் அடுத்த வாரமே காண்ட்ராக்டர் சொக்சோ ஆபீசில் உட்கார்ந்து பதிவு செய்துகொண்டிருந்தார். சந்தா கட்டாமல் விட்டால் 10,000 ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம் என்பது அவருக்கும் தெரிந்துதான் இருக்கும்.

சம்பளம் எவ்வளவு என்பதில் அப்புறமும் இழுபறி. காண்ட்ராக்டர் குறைத்துச் சொன்னார். இவருடைய மனைவி, குலை எண்ணிக்கை எழுதிய துண்டுச் சீட்டுகளை ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருந்தார். கூலி சரியாக வந்ததா என்று மாதா மாதம் கூட்டிப் பார்ப்பாராம். வாட்ஸப்பில் காண்ட்ராக்டர் அனுப்பிய மாதக் கணக்குகளும் அழியாமல் இருந்தன. எல்லாம் சேர்த்துப் பார்த்ததில் மாதம் ஏறக்குறைய 2,100 ரிங்கிட் என்று நின்றது.

எவ்வளவு வந்தது

நாள் கூலியை 70 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். எம்சியில் (மருத்துவ விடுப்பில்) இருந்த காலத்துக்கு அதில் 80 விழுக்காடு, அதாவது நாளுக்கு 56 ரிங்கிட். எம்சி குறைந்தது நான்கு நாளாவது இருக்க வேண்டும், இவருக்கு அது மாதக்கணக்கில் இருந்தது. குடும்பம் மூச்சு விட்டது இந்தப் பணம் வந்த பிறகுதான்.

காயம் ஆறியதும் மருத்துவ வாரியம் பார்த்து நிரந்தர ஊனம் 40 விழுக்காடு என்றது. கணக்கு இப்படி: 70இல் 90 விழுக்காடு 63, அதில் 40 விழுக்காடு 25.20. முப்பது நாளுக்கு 756 ரிங்கிட், ஆயுள் உள்ளவரை. ஊனம் 20 விழுக்காட்டுக்கு மேல் போனால் முழுவதையும் மொத்தமாக வாங்க முடியாது. ஐந்தில் ஒரு பங்கை மட்டும் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம், மீதி மாதா மாதம். இவர்கள் அந்த ஒரு பங்கை எடுத்தார்கள். மாதப் பணம் 605 ரிங்கிட் அளவுக்கு இறங்கியது. எடுக்காமல் இருந்திருக்கலாம் என்பதுதான் என் எண்ணம், சொல்லியும் பார்த்தேன். ஆனால் நகையெல்லாம் அடகுக்கடையில் இருந்தது, வட்டி ஏறிக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டு நெருக்கடி அவர்களுக்குத்தான் தெரியும்.

விழுக்காடு குறைவு என்று தோன்றினால் முடிவு கைக்கு வந்த 90 நாளுக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்கு எழுதலாம். கையில் வேறு காயமும் இருந்திருந்தால் நான் எழுதச் சொல்லியிருப்பேன். இவர் விஷயத்தில் தேவைப்படவில்லை.

பணத்தைவிட அவரை எழுப்பி நிறுத்தியது மலாக்காதான். 2014இல் அங்கே திறந்த சொக்சோ மறுவாழ்வு மையத்தில் தங்க வைத்து, செயற்கைக் காலோடு நடக்கப் பழக்கினார்கள். சந்தாதாரருக்கு அதற்குக் கட்டணம் இல்லை, காலுக்கும் இல்லை. ‘வேலைக்குத் திரும்பும் திட்டம்’ 2007 முதல் நடக்கிறது. அதில் இவருக்கென்று ஒரு அதிகாரியை ஒதுக்கினார்கள். அவர் வழியாக ஒரு செம்பனை ஆலையில் எடைமேடைக்குப் பக்கத்தில் சீட்டு எழுதும் வேலை கிடைத்தது. மாதம் 1,500 ரிங்கிட். வேலைக்குப் போனதால் அந்த 605 நிற்கவில்லை. “வேலைக்குப் போனா அத நிறுத்திடுவாங்களாமே” என்று தாமானில் எவரோ கிளப்பிவிட்டதில், சேரலாமா வேண்டாமா என்று பல நாள் தயங்கினார்.

வார்டுக்கு வந்த ரன்னர்

கார் ஓட்டியவருக்குப் போலீஸ் சம்மன் கொடுத்தது. அதனால் இன்சூரன்ஸ் மீதான வழக்கு வலுவாகத்தான் இருந்தது. அந்த வாசனை எப்படித்தான் போகுமோ, கால் எடுத்த மறுநாளே வார்டுக்கு ஒருவர் வந்துவிட்டார். கையில் பாரம். “கேஸ் ஜெயிச்சா முப்பது பர்சண்ட், தோத்தா ஒரு காசு வேணாம்.” வக்கீல்களுக்கு வழக்குப் பிடித்துக் கொடுக்கும் இவர்களை இங்கே ரன்னர் என்பார்கள். வழக்கின் முடிவைப் பொறுத்து வக்கீல் பங்கு கேட்பதை 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் தடுக்கிறது. மருந்து மயக்கத்தில் இருந்தவரின் கட்டைவிரலை மையில் வைக்கப் போன நேரத்தில் நர்ஸ் பார்த்துத் துரத்திவிட்டாராம். பிறகு ஈப்போவில் வேறொரு வக்கீலைப் பிடித்தோம். கட்டணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டோம்.

தீபகற்ப மலேசியாவில் இத்தகைய வழக்குக்குப் பொதுவாக ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. அரசாங்க வாகனம் இடித்தது என்றால் மூன்றே ஆண்டு. சாலை விபத்து வழக்கு எவ்வளவு பெரிய தொகையாக இருந்தாலும் செஷன்ஸ் நீதிமன்றமே விசாரிக்கலாம். வழக்குத் தொடுக்கும் முன்போ, தொடுத்த ஏழு நாளுக்குள்ளோ இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு நோட்டீஸ் போக வேண்டும். அதை விட்டால் ஜெயித்த பிறகு பணம் வாங்குவது பெரும்பாடு. எதிர் வாகனத்துக்கு இன்சூரன்சே இல்லை என்றால் மோட்டார் காப்புறுதியாளர் பணியகத்தைத் தட்ட வேண்டியிருக்கும். இவருக்கு அந்த நிலை வரவில்லை.

எதிர்கால வருமான இழப்பைக் குடிமையியல் சட்டம் 1956இல் உள்ள வாய்பாட்டை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். 2019 செப்டம்பர் முதல் வயது வரம்பு 55லிருந்து 60 ஆனது. 30 வயதுக்கு உட்பட்டவருக்குப் பெருக்கல் எண் 16. அதற்கு மேல் என்றால் 60இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். 38 வயதுக்கு 11. சம்பளம் முழுதும் போனது என்று வைத்தால் 2,100ஐ 12ஆலும் 11ஆலும் பெருக்க, 277,200 ரிங்கிட். ஆனால் அந்த எண்ணைப் பார்த்து ஆசைப்படக் கூடாது. சொந்த வாழ்க்கைச் செலவைக் கழிப்பார்கள். பிறகு வேறு வேலை கிடைத்துவிட்டால் வித்தியாசத்தைத்தான் கேட்க முடியும்: மாதம் 600 என்றால் 79,200. வலிக்கும் ஊனத்துக்கும் உரிய நஷ்டஈடு இதில் சேராது, தனி.

இங்கேயும் மைலோ டின்தான் காப்பாற்றியது. சொந்த உழைப்பில் வருமானம் வந்துகொண்டிருந்தது என்று காட்டினால்தான் இந்தக் கணக்கே தொடங்கும். எதிர்த்தரப்பு வக்கீல் மோட்டாரின் முன்விளக்கு எரியவில்லை என்று வாதாடினார். பகலிலும் விளக்கு எரிய வேண்டும் என்பது 1992 முதல் விதி, அது விடியாத நேரம் வேறு. ஒரு பங்கு தப்பு இவர் மீதும் என்று 80க்கு 20 ஆகச் சமரசம் ஆனது. மொத்தத் தொகையை எழுத வேண்டாம் என்று குடும்பம் கேட்டுக்கொண்டது. தாமானில் தெரிந்தால் கடன் கேட்டு வருவார்களாம்.

ஒரே கேள்வி, மூன்று பதில்

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். ஒவ்வொரு இலாகாவும் கேட்பது ஒரே கேள்வி: உங்களால் வேலை செய்ய முடியுமா? சமூகநல இலாகாவில் வேலை செய்ய இயலாத மாற்றுத்திறனாளிக்கு ஓர் உதவி உண்டு, 2021இல் அது மாதம் 300 ரிங்கிட் ஆனது. வேலை செய்து குறைந்த சம்பளம் வாங்கும் மாற்றுத்திறனாளிக்கு வேறொன்று, அது அதே ஆண்டில் 450 ஆனது. படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்வதற்கான உதவி அதே ஆண்டில் 500 ஆனது. இவை எல்லாமே குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான். ஊழியர் சேமநிதியில் இனி வேலை செய்யவே முடியாது என்று மருத்துவர் சான்று கொடுத்தால் சேமிப்பு முழுவதையும் எடுக்கலாம், கூடவே 5,000 ரிங்கிட் உதவியும் உண்டு.

கையில் பணம் இல்லாதபோது எல்லாப் பாரத்திலும் ‘முடியாது’ என்று எழுதிவிடத் தோன்றும். இவரும் சேமநிதிப் பாரத்தை வாங்கி வைத்திருந்தார், முன்பு தொழிற்சாலையில் இருந்த காலத்துச் சேமிப்பு கொஞ்சம் இருந்தது. அதே மாதத்தில் சொக்சோ அதிகாரி அவருக்கு வேலை தேடிக்கொண்டிருந்தார், வக்கீலோ வருமானம் எவ்வளவு குறைந்தது என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் முடியவே முடியாது, இன்னோரிடத்தில் முடியும் என்று எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை மிச்சம். முழங்காலுக்குக் கீழே மட்டும் போன, 38 வயதுக்காரர் இனி வேலையே செய்ய முடியாதவர் என்று மருத்துவரும் எழுத மாட்டார். உள்ளது உள்ளபடி, ‘பழைய வேலை முடியாது, உட்கார்ந்து செய்யும் வேலை முடியும்’ என்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதினோம். சேமநிதியைத் தொடவில்லை.

ஓ.கே.யூ. அட்டையை, அதாவது மாற்றுத்திறனாளி அட்டையை, முன்னாலேயே எடுத்திருக்கலாம். பெயரைப் பதிந்தால் ‘நொண்டி’ என்று முத்திரை விழுந்துவிடும் என அவர் அம்மா தடுத்துக்கொண்டே இருந்தார். அரசாங்க மருத்துவமனைக் கட்டணம் இல்லாமல் போகும் என்று தெரிந்த பிறகுதான் அம்மா இறங்கி வந்தார். அவருக்கே சர்க்கரைக்கு மாதா மாதம் போக வேண்டியிருந்ததால் தனக்கும் கிடைக்குமா என்று விசாரித்தார். கிடைக்காது என்றதும் கொஞ்சம் வருத்தம்தான்.

இப்போது அவர் ஆலைக்குப் போய் வருகிறார். பக்கவாட்டுச் சக்கரம் பொருத்திய மோட்டாரில் போகிறார், ரோட் டேக்ஸ் முடியும் தேதியை மனைவி காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார். காண்ட்ராக்டர் கும்பலில் இருந்த மற்றவர்களுக்கும் சொக்சோவில் பெயர் ஏறிவிட்டது. ஆனால் முதலாளி கட்ட வேண்டிய பங்கையும் சேர்த்து அவர்களின் கூலியிலேயே பிடிக்கிறார் என்று போன மாதம் இரண்டு பேர் வந்து சொன்னார்கள். அப்படிப் பிடிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. துண்டுச் சீட்டுகளைச் சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். புகார்க் கடிதம் பாதி எழுதியாகிவிட்டது.